உன் ஏழு பக்கக் கணக்கும் அப்பாவின் பிரேமும்

இயேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
12-8-1963

அன்புள்ள மகன் அருள்நாதனுக்கு,

அம்மா எழுதுவது. மாதா கிருபையில் இங்கே நானும் அப்பாவும், ஏழு மாதமாக ஹாலின் நடுவில் எங்களோடு குடியிருக்கிற இரும்பும் சௌக்கியம். அங்கே பிலாயில் நீயும் டோரதியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், அந்தப் பத்து மணியில் என் கவனம் சிதறாமல் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஹாலில் யாராவது இரும்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உன் கடிதம் போன மாதம் பதினைந்தாம் தேதியே கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் நீதான். அப்பா வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு பிரேம் செய்கிறார் என்று நான் ஒரு வரி எழுதினேன், நீ ஏழு பக்கம் திருப்பி எழுதினாய். ஆறு பக்கம் கணக்கு, படம், அம்புக்குறி. ஸ்டீல் பிளாண்டில் உனக்கு வேலை குறைவோ என்று கவலைப்பட்டேன். அந்த ஆறு பக்கத்தில் எனக்குப் புரிந்தது, பிரேமின் கழுத்துப் பக்கம் ஒடிந்துவிடும் என்று நீ அடியில் சிவப்பு மையில் கோடு போட்டது மட்டும்தான். ஏழாம் பக்கம் தமிழில் இருந்தது, அதுதான் வினை. அப்பா கை நடுங்குவதை கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பார்த்தேன், இந்த வயதில் தீயோடும் இரும்போடும் என்ன விளையாட்டு, அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு ஒரு பிரம்பு ஈசிசேர் வாங்கிக் கொடுங்கள், பேசாமல் உட்காரட்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா மட்டும் படிக்கவும் என்று மேலே ஒரு வார்த்தை போட உனக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் தபால்காரரை வாசலிலேயே மறித்து, நின்றபடியே உறையைக் கிழித்துப் படிக்கிறவர் யார் என்று உனக்குத் தெரியாதா.

படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். பையன் கணக்கு நல்லாப் போடுறான் என்று மட்டும் சொன்னார். பிறகு பரண்மேல் இருந்த பழைய கோரைப்பாயை எடுத்துவந்து பிரேமின் மேல் போட்டு மூடினார். ஒன்பது நாள் அந்தப் பாயை எடுக்கவில்லை, ஹாலில் ஏதோ சவம் கிடத்தியிருப்பதுபோல நான் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கவலை இல்லை, முப்பத்து மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்ந்தவள். சத்தமே இல்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீ டோரதியிடம் படித்துக் காட்டு, அவளாவது என் பக்கம் பேசட்டும்.

பழைய இரும்புக் கடையும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையும் வைத்திருக்கிறாரே ஹபீபுல்லா, அப்பாவின் சிநேகிதர், அவர் மிலிட்டரி ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தார். என்ஜின் நல்ல நிலை, பிரேம் மட்டும் கைப்பிடி சேருகிற கழுத்தில் விண்டு போயிருந்தது. அதை ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் அவர் வந்தார். அப்பா அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். வெள்ளைக்காரன் அவன் உடம்புக்குச் செஞ்ச பிரேம் இது, நம்ம உடம்புக்கு நாமே ஒண்ணு செஞ்சா என்ன பாய் என்றார். ஹபீபுல்லா பாவம், நல்ல மனுஷர், யார் எது சொன்னாலும் சரி அண்ணே என்பார். அன்றைக்கும் சரி அண்ணே என்றார், வண்டியை இவரிடமே விட்டார். என் நிம்மதி அந்த இரண்டு வார்த்தையில் போயிற்று.

நம்ம உடம்பு என்று அவர் சொன்னது பேச்சுக்கு இல்லை. ஊரெல்லாம் கம்பெனி செய்த வண்டியில் ஏறி உட்காரும், இவர் வண்டி மட்டும் எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டுமாம். அவர் ஆறடி, நான் நாலடி பத்தங்குலம், எனக்கு இடுப்பு வலி வேறு. பின் சீட்டு தணிவாக இருக்க வேண்டும், முன் சீட்டு உயரமாக இருக்க வேண்டும். என்னை சமையற்கட்டு ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார வைத்து, என் தையல் டேப்பாலேயே முழங்காலிலிருந்து தரைவரை அளந்தார். கான்வென்ட்டில் இருபத்தாறு வருஷமாகத் தையல் டீச்சராக அடுத்தவர்களுக்கு அளவெடுத்த எனக்கு இப்படி ஒரு நாள் வந்தது. அளவைக் காலண்டரின் பின்னால் எழுதிவைத்தார். கொஞ்சம் நேரா உக்காரு, கோயில்ல உக்கார்ற மாதிரி உக்காரு என்றார். கோயிலில் நான் எப்படி உட்காருகிறேன் என்று இவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை, பிரசங்கம் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறவர்.

அடுத்தது என் மேஜை. துணி வெட்டுவதற்கு என் அப்பா துறையூரிலிருந்து தேக்கு வாங்கிச் செய்து கொடுத்த மேஜை. வீட்டில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிற இடம் அது ஒன்றுதானாம். அதற்காகப் பாராட்டிவிட்டு அதில் ஒன்பது துளை போட்டார். குழாய்களை அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டுமாம். தீ பற்றாமலிருக்க மேலே கல்நார் ஷீட் விரித்தார், பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் வாயு உண்டாக்குகிற கார்பைடு டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். நான் அன்றைக்கு மத்தியானம் சமைக்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

முதல் பிரேம் தபசு காலத்தில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லரோடு வாழ்ந்தவர். கால் அங்குலத்துக்குக் குறைந்த இரும்பெல்லாம் அவருக்குக் காகிதம். ஹபீபுல்லாவின் கடையில் கிடந்த கழித்த பாய்லர் குழாயைத் தேடி எடுத்துச் செய்தார். செய்து முடித்ததும் தூக்கிப் பார்க்க நாலு ஆள் வேண்டியிருந்தது. ரயிலே மேல ஏறுனாலும் வளையாது என்று பெருமையாகச் சொன்னார். மோட்டார் சைக்கிளின் மேல் ரயில் எதற்கு ஏறப்போகிறது என்று நான் கேட்டேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை என்ஜினையும் சக்கரத்தையும் மாட்டி வெளியே எடுத்தார்கள். சமதரையில் போயிற்று. கோட்டை ஸ்டேஷன் பாலத்து ஏற்றத்தில் பாதியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. என்ஜினுக்கு அந்த பிரேமையே இழுக்க முடியவில்லை, அதன்மேல் ஹபீபுல்லா வேறு. பின்னால் பஸ், ஜட்கா, வைக்கோல் வண்டி எல்லாம் வரிசையாக நிற்க, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த பிரேம் இப்போது கொல்லைப் பக்கம் இருக்கிறது. துணி காயப் போடுகிறேன். அந்த வேலைக்கு அதைப் போல உறுதியான சாமான் திருச்சியிலேயே கிடையாது, ஆடிக் காற்றில்கூட அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வண்டியைப் பதிகிற ஆபீசுக்கும் போய்வந்தார். அங்கே பாரத்தில் வண்டி செய்த கம்பெனி பெயர் என்று ஓர் இடமாம். நான்தான் செஞ்சேன் என்றாராம் அப்பா. நீங்க கம்பெனியா என்று கேட்டாராம் குமாஸ்தா. இல்ல என்றாராம். அப்ப வண்டி இல்ல சார் என்றாராம். அதோ வெளில நிக்குதுங்களே என்று இவர் ஜன்னல் வழியாகக் காட்ட, அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல், நிக்கலாம் சார், ஆனா இல்ல என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிறகு ஹபீபுல்லா போய், இது பழைய மிலிட்டரி வண்டிதான், கொஞ்சம் ரிப்பேர் பார்த்தோம் என்று ஒரு பேச்சு பேசியதும் எல்லாம் சரியாகிவிட்டது. கொஞ்சம் ரிப்பேர் என்றால் என்ஜினைத் தவிர எல்லாம்.

எதிர்வீட்டு அடைக்கலராஜ் அண்ணனை உனக்கு நினைவிருக்கும், தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையரானவர், இப்போது பங்குக் கமிட்டியில் இருக்கிறார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே. மேற்படி தைரியராஜ் என்பவர் மேற்படி வீட்டில் மேற்படி வாயுக்களை வைத்துக்கொண்டு என்று தொடங்கி ஒரு மகஜர் எழுதி, தெருவில் பதினான்கு கையெழுத்து வாங்கினார். வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார், ஒரு வீட்டை விட்டால் குறையாகிவிடும் என்று. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, ஆக்ஸிஜன் தானா எரியாதுங்க, எரியிறதை எரிய வைக்கும், அதை மட்டும் திருத்திக்குங்க என்று திருப்பிக் கொடுத்தார். அண்ணன் திருத்தி எழுதிக்கொண்டு போனார். மகஜர் போன வீட்டுச் சொந்தக்காரர் மருங்காபுரியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், அவர் பதிலே போடவில்லை. ஆனால் அண்ணன் நாள் தவறாமல் சாயங்காலம் நாற்காலியைத் தன் வாசலில் போட்டு நம் ஹாலைப் பார்த்தபடி உட்காருவார், வெடித்தால் முதலில் பார்க்க வேண்டும் என்று.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். முதல் பிரேம் கனத்துப் போனதால் இரண்டாவதற்கு மெல்லிய குழாய் வாங்கினார். அதை வெட்டி, ஒரு குழாயின் வாய் இன்னொரு குழாயின் முதுகில் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி அரத்தால் ராவி ராவி, மேஜையில் நிறுத்துவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு பித்தளைக் கம்பியைத் தீயில் உருக்கி மூட்டைப் பற்ற வைக்க வேண்டும். மொத்தம் பதினான்கு மூட்டு. பின்பக்கம் இரண்டு மூட்டு வைத்தார். மூன்றாவதில் குழாய் ஓட்டையாகிவிட்டது. வேறு குழாய் வெட்டினார், அதுவும் ஓட்டை. மூன்றாவது குழாயும் போயிற்று. ஹபீபுல்லா கொடுத்த கார்பைடு சரியில்லை என்றார், காற்று அடிக்கிறது என்று ஜன்னலை மூடினார், கம்பி மட்டம் என்றார். மே மாதம், எனக்கு லீவு, நான் ஹால் கதவருகே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். தீ ஒரு இடத்தில் நிற்கவில்லை, அருள். அவர் கை அதை நிற்க விடவில்லை.

நீ கிறிஸ்துமஸில் பார்த்ததை நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். காபியை முக்கால் டம்ளர் ஊற்று, சூடா இருக்கு என்பார். சட்டையை என்னைப் பொத்தான் போடச் சொல்லிவிட்டு, நீ போட்டாத்தான் நல்லா இருக்கு என்று சிங்காரம் பேசுவார். ரிட்டையராவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவரைத் தீ வேலையிலிருந்து எடுத்து, டூல் ரூமில் ஆட்களிடம் அடையாள வில்லையை வாங்கிக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்களே, உன்னிடம் அதைப் பிரமோஷன் என்று சொன்னார். அப்படிப் போட்டவர் அவருடைய ஃபோர்மன் வேதாந்தம் ஐயங்கார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, ஏன் என்று இவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாருக்கும் தெரியாததுபோல வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினோம், நீ வந்து ஏழாம் பக்கத்தில் போட்டு உடைத்தாய்.

மூன்றாவது குழாயும் ஓட்டையான அன்று அவர் காஸ் டார்ச்சை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. தாங்கவில்லை என்று சொன்னால் அவருக்கு இன்னும் கஷ்டம், அதனால் வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். மூணு குழாயை நீங்க ஓட்டை போட்டாச்சு, நாலாவதை நான் போடுறேன், குடுங்க என்றேன். இது கைக்குட்டைல பூப் போடுற வேலை இல்லம்மா என்றார். கைக்குட்டையில் பூப் போட்டுப் பாத்திருந்தா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க என்றேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரச் சாக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கழிந்த குழாய்த் துண்டில் பழகினேன். இரும்பு பழுக்கும்வரை பொறுக்க வேண்டும், பழுத்ததும் கம்பியைத் தொட்டால் பித்தளை தானாக ஓடி இடுக்கில் போய் உட்காரும், தீயை அதன் பின்னால் துரத்தக் கூடாது. அவ்வளவுதான். இதற்காக முப்பத்திரண்டு வருஷம் இவர் எப்படி அலட்டிக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அதைச் சொன்னேன், முறைத்தார். தினம் மத்தியானம் தெரு சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு மூட்டையும் நான் வைத்தேன். டீச்சர் வீட்டில் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்கிறார்கள் என்று பக்கத்துவீட்டு சகாயம்மாள் தெருக்குழாயடியில் சொன்னாளாம். இந்த வயதில் எங்களுக்குக் கிடைத்த பெயர் அது.

இப்படி முடிந்து நின்றபோதுதான் உன் கடிதம் வந்தது, பாய் போட்டு மூடியது. பத்தாம் நாள் காலையில் அவரே பாயை எடுத்தார். உன் நாலாம் பக்கத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார், நீ கோடு போட்ட கழுத்து இடத்துக்கு ஒரு முக்கோணத் தகடு வெட்டி என்னிடம் கொடுத்துப் பற்ற வைக்கச் சொன்னார். உன் கணக்குக்கு அவ்வளவு மரியாதை செய்தார், ஏழாம் பக்கத்துக்கு வேறு விதமாகச் செய்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து வேதாந்தம் ஐயங்கார் வந்து பாக்கட்டும், அவர் சரின்னா சரி, இல்லன்னா பிரேமைக் கடையில போட்டுட்டு நான் ஈசிசேர்ல உக்காந்துக்குறேன், அப்புறம் ஒரு சுத்தியலைத் தொட மாட்டேன் என்றார். சொன்னதைச் செய்கிற ஆள் அவர், அந்த ஒரு கெட்ட குணம் இன்னும் போகவில்லை. நான் கெஞ்சினேன், யார் வச்சதுன்னு அவங்க கேட்டா வாயைத் திறக்காதீங்க, நீங்க வச்சதாவே இருக்கட்டும், எனக்கு இதில் என்ன பெருமை என்றேன். பார்க்கலாம் என்றார்.

முந்தாநாள் சனிக்கிழமை ஐயங்கார் வந்தார். பஞ்சகச்சம், நாமம், குடை, கையில் சொந்தக் கூஜா. நம் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார், முப்பது வருஷம் அப்பாவோடு ஒரே புகையைக் குடித்தவர். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான், இருந்தாலும் வாங்க என்றேன். ஹபீபுல்லாவும் வந்திருந்தார். அடைக்கலராஜ் அண்ணன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு நம் ஹாலுக்கு வந்துவிட்டார், பங்குக் கமிட்டி சார்பில் என்றார். ஐயங்கார் நேராக பிரேமிடம் போனார். இடுப்பிலிருந்து ஒரு சின்ன சுத்தியலை எடுத்தார், ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்பா பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலைக்குச் சேர வந்தவர்போல நின்றார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் ஐயங்கார் நிமிர்ந்து, ஓய் தைரியராஜ், முப்பது வருஷமா நீர் பத்த வச்சதைப் பார்த்திருக்கேன், தடியா முறுக்கிண்டு கிடக்கும், ஆனா ஒடியாது, இது அப்படி இல்லையே, இத்தனை சன்னமா வச்சிருக்கே, இது யார் கை என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, அவர்தாங்க வச்சார், நான் பக்கத்திலேயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன் என்றேன். சுத்தப் பொய். அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு சாமியார் விட்டுவிட்டார். ஆனால் அப்பா விடவில்லை. பின்னால் கட்டியிருந்த இரண்டு கையையும் எடுத்து எல்லாருக்கும் முன்னால் நீட்டினார். நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது, அருள், அவர் மறைக்காமல் நீட்டியபோதுதான் எவ்வளவு என்று நானே பார்த்தேன். சார், மூணு வருஷமா இப்படித்தான், நீங்க பாத்துட்டுத்தான் மாத்துனீங்கன்னு எனக்குத் தெரியும், பின்னால ரெண்டு மூட்டுதான் நான் வச்சது, மத்ததெல்லாம் இதோ என் சம்சாரம் வியாகுலம் வச்சது, குழாய் வெட்டுனதும் ராவுனதும் நிறுத்துனதும் நான் என்றார். அடைக்கலராஜ் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியவள் சாமியாடியதைப் பார்த்தவர்போல இருந்தார்.

ஐயங்கார் பூணூலை ஒதுக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். கழுத்திலிருந்து பின் சக்கரம் மாட்டுகிற இடம்வரை நூல் பிடித்தார், தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நாலு தடவை அளந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, நான் ஜெபமாலையைச் சொல்லத் தொடங்கி எங்கேயோ விட்டுவிட்டேன். ஒரு நூல்கூடக் கோட்டம் இல்லையேய்யா, நடுங்கற கையை வச்சுண்டு எப்படி நிறுத்தினீர் என்று கேட்டார். அப்பா, நடுங்குனா நிறுத்திட்டு மறுபடி நிறுத்துவேன் சார், ரிட்டையர் ஆனவனுக்கு என்ன அவசரம், தீயிலதான் அப்படிக் காத்திருக்க முடியாது என்றார். ஐயங்கார் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்னிக்கு உம்மை அளவு பார்க்கிற மேஜையிலே போட்டிருக்கணும், ஸ்பானர் கொடுக்கப் போட்டேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், கேக்கலை, தப்பு என்னுது என்று எங்கள் எல்லாருக்கும் எதிரில் சொன்னார். பிறகு ஃபோர்மன் புத்தி போகுமா, பின்னாலே நீர் வச்ச ரெண்டிலே இடது பக்கத்தது பிராணன் இல்லாமே இருக்கு, அதை அறுத்துட்டு அம்மாவை விட்டே வைக்கச் சொல்லும் என்றார். அப்பா சிரித்தார். அவர் வைத்ததைக் குறை சொன்னால் மூன்று நாள் பேசாத மனுஷர், வாய்விட்டுச் சிரித்தார். நான் சமையற்கட்டுக்குப் போய் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்காதே, சந்தோஷம்தான், ஆனால் மூன்று வருஷம் நானும் சேர்ந்து மறைத்தேனே என்ற வெட்கமும் இருந்தது. மறைத்தால் அவருக்கு மானம் நிற்கும் என்று நினைத்தேன். அவருக்கு அது எவ்வளவு பாரமாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை.

அந்த மூட்டை அங்கேயே அறுத்து, அத்தனை பேரும் பார்க்க நான் வைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. சகாயம்மாள் ஜன்னலில் இருந்தாள், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். சாயங்காலம் என்ஜினை மாட்டினார்கள். இத்தனை அளவெடுத்து எனக்காகச் செய்த பின் சீட்டில் முதலில் உட்கார்ந்தது யார் தெரியுமா, வேதாந்தம் ஐயங்கார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கூட்டம், இதிலேயே போயிடறேன் என்றார். ஹபீபுல்லா ஓட்ட, பின்னால் ஐயங்கார் குடையை மடியில் வைத்துக்கொண்டு, நாலடி பத்தங்குலத்துக்குச் செய்த சீட்டில் அவர் முழங்கால் மோவாயை இடிக்க, பஞ்சகச்சம் காற்றில் பறக்கப் போனார்கள். கோட்டை ஸ்டேஷன் பாலத்து ஏற்றத்தில் நிற்கவில்லையாம். காவேரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, பாலத்தின்மேல் எல்லாரும் தண்ணீரை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்களாம். ஹபீபுல்லா திரும்பி வந்ததும் அப்பா கழுத்துப் பக்கம் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று மகனுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நேற்று பூசைக்குப் பிறகு அப்பாவே நம் டாக்டரிடம் போய்க் கையைக் காட்டினார். நான் கூப்பிடவில்லை, அவரே போனார். இது நரம்பு சம்பந்தப்பட்டது, சிலருக்கு வயதில் வரும், உயிருக்கு ஒன்றும் இல்லை, ஒரு மாத்திரை தருகிறேன், வண்டியை மெதுவாக, கூட்டம் இல்லாத இடத்தில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள் என்றாராம். இன்று விடியற்காலை ஹபீபுல்லாவோடு மைதானத்துக்குப் போய் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வந்து சொன்னார், என்ஜின் ஓடுறப்ப கைப்பிடியைப் பிடிச்சா ஹபீபுல்லா கையும் நடுங்குது வியாகுலம், என் கையும் நடுங்குது, எது எதுன்னு தெரியல என்று. கையைப் பற்றி அவர் வாயால் சொன்ன முதல் வேடிக்கை அது. காபி முழு டம்ளர் கேட்டார், கொஞ்சம் சிந்தியது, துடைத்துக்கொண்டு குடித்தார்.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. நீ அப்பாமேல் உள்ள அக்கறையில்தான் எழுதினாய், அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆனால் இனிமேல் அவரைப் பற்றி என்னிடம் எழுதாதே, அவரிடமே கேள். கை எப்படி இருக்கிறது அப்பா என்று கேட்டால் சொல்லுவார். பிரம்பு ஈசிசேர் வாங்கி அனுப்ப வேண்டாம், ஹாலில் இடம் இல்லை. திருவெறும்பூரில் புதுத் தொழிற்சாலை வேலைக்கு வந்திருக்கிற ஒருவர் தன் வண்டிக்கும் உடம்புக்கு அளவாக பிரேம் வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார், அவர் வயிறு நாற்பத்தாறு அங்குலம், நானே அளந்தேன். பிளாண்டில் உலைப் பக்கம் போகும்போது தலையில் தொப்பி போட்டுக்கொள். டோரதி மாசமாக இருப்பதால் பாரம் தூக்கக் கூடாது, அவள் தூக்கினால் நீ பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. வியாழக்கிழமை மாதா திருநாள், கட்டாயம் அனுசரிக்க வேண்டிய கடன் திருநாள் என்பதை அங்கே யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், பூசைக்குப் போங்கள்.

சேசுநாதரும் தேவமாதாவும் உங்கள் மூன்று பேரையும் தங்கள் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள்

இன்னும் ஒன்று. நீ பிலாய் போன நாளிலிருந்து என் கடிதத்துக்கு அடியில் அப்பா ஆசீர்வாதம் என்று இருக்குமே, அது அவர் எழுதியது இல்லை, அவர் எழுத்து மாதிரி நான் எழுதியது. இன்று பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வரியை எழுத உலையில் அரிசி வெந்துவிட்டது. கோணலாக இருக்கிறது, மை கொட்டியிருக்கிறது, இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. வேறு தாளில் எழுதுகிறேன் என்றார், நான்தான் விடவில்லை. இதுதான் அப்பா எழுத்து, பார்த்துக்கொள்.

மகனே, சுகமாக இரு. கை நடுங்குகிறது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா.